நான் ஃபெயில்

"போகிற இடத்தில் எதை மறந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் மறந்துவிடாதே" என்று விமான நிலையத்தில் என் பெரியப்பா ஒன்று சொன்னார். அந்த 'இது' எது என்பதுதான் எனக்கு இப்போது ஞாபகம் இல்லை. பாஸ்போர்ட் இல்லை, அது நிச்சயம். பாஸ்போர்ட்டை அவர்தான் கையில் வைத்திருந்தார். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிப்பு வந்தது, பின்னால் நின்றவர் தள்ளுவண்டியால் காலில் இடித்தார், நான் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது கேட்கலாம் என்றால் பெரியப்பா இல்லை.

அதை விடுங்கள். நீங்கள் கேட்டது இந்த பேட்ஜைப் பற்றி. ஈரோட்டில் ரயில் ஏறியதிலிருந்து என் பையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், கவனித்தேன். 'யார் சார் ஃபெயில்?' என்று கேட்டுவிட்டீர்கள். தப்பில்லை. எல்லாரும் கேட்பார்கள். கேட்கட்டும் என்றுதான் குத்தியிருக்கிறேன். சென்னை வர இன்னும் நேரம் இருக்கிறது, சொல்கிறேன்.

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் சொல்லிக்கொடுக்கிறேன். திரும்பி வந்ததும் தொடங்கிய திட்டம் இது. பள்ளிபாளையம் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளி. செவ்வாயும் வெள்ளியும் மாலை மணி அடித்த பிறகு, ஆறு ஏழு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கேயே இருப்பார்கள். எங்கள் கல்லூரி மாணவர்கள் பஸ்ஸில் போய்ச் சொல்லிக்கொடுப்பார்கள். பாடம் இல்லை. கையால் செய்வது. ஐஸ் குச்சியில் பாலம், ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பிப் பாரம் தூக்குகிற கிரேன், உடைந்த பொம்மைக் காரிலிருந்து கழற்றிய மோட்டாரில் ஒரு காற்றாடி. இப்படி. சுண்டல் உண்டு. முதல் வாரம் சுண்டலுக்காகத்தான் வந்தார்கள், எனக்குத் தெரியும்.

என் மாணவர்களிடம் சில விஷயங்களை முதலிலேயே சொல்லிவிட்டேன். பிள்ளைகள் செய்கிற பொருளில் நீங்கள் கை வைக்கக் கூடாது. பாலம் விழப் போகிறது என்று தெரிந்தாலும் பிடிக்கக் கூடாது, விழட்டும். அப்புறம் இன்னொன்று: அரியர் வைத்திருக்கிறவர்கள் இதற்கு வர வேண்டாம். எல்லாப் பேப்பரும் பாஸ் பண்ணியவர்கள் மட்டும். கல்லூரி முதல்வர் அப்படிக் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். படிப்பில் ஒழுங்கில்லாதவர்களைப் பிள்ளைகள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் நன்றாக இருக்காது இல்லையா?

பேட்ஜுக்கு வருகிறேன். என் மகள் வெளிநாட்டில் மூன்றாவது படித்தபோது அவள் பள்ளிக்கூடத்தில் இப்படி ஒன்று கொடுத்தார்கள். செய்துபார்த்து வராமல் போனால் வெட்கப்படக் கூடாது, எத்தனை தடவை வராமல் போகிறதோ அத்தனை நல்லது, அதனால் அதற்கு ஒரு பேட்ஜ். அவள் அதைத் தலையணையில் குத்திக்கொண்டு தூங்குவாள். இப்போது அங்கேயே வேலை பார்க்கிறாள், அம்மாவோடு இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள். பேசுவாள், பெரும்பாலும்.

அதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு ஆசை. என்ன வார்த்தை போடுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். 'தோல்வி' என்றால் தேர்தல் ஞாபகம் வருகிறது. 'தவறு' என்றால் யாரிடமோ மன்னிப்புக் கேட்கத் தோன்றுகிறது. 'ஃபெயில்' எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. தறிக்காரர் வீட்டிலும் தெரியும், கலெக்டர் வீட்டிலும் தெரியும். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். நான் ஐந்தாவது வரை தமிழில் படித்தவன், பிறகு ஆங்கிலத்தில். இரண்டு பக்கமும் எனக்கு நன்றாகத் தெரியும். சிவகாசியில் சொல்லி அச்சடித்தோம். வெள்ளைத் தகரத்தில் சிவப்பு எழுத்து. 'நான் ஃபெயில்.' பாருங்கள், எழுத்து எவ்வளவு சுத்தமாக இருக்கிறது.

கோகிலவாணி என்று மூன்றாம் வருட மாணவி ஒருத்தி இருந்தாள். பள்ளிபாளையம் பக்கத்துப் பெண். வீட்டில் தறி ஓட்டுகிறவர்கள், முதல் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள். நல்ல பெண், கொஞ்சம் பேசுவாள். அச்சுக்குக் கொடுக்கும் முன்பே என்னிடம் வந்து நின்றாள்.

"சார், இந்த வார்த்தை வேண்டாங் சார். எங்கூர்ல இதுக்கு ஒரே அர்த்தந்தான்."

"வேறென்ன போடலாம்?"

"இன்னொருக்கான்னு போடலாங்களா சார்?"

இன்னொருக்கா. இன்னொரு தடவை என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கும் அதுதான் வாயில் வருகிறதாம். பாலம் விழுந்தால் 'அக்கா, இன்னொருக்கா' என்றுதான் கேட்கிறார்களாம். நான் அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன். இது கொச்சை வார்த்தை, மதுரையில் ஒருவருக்கும் புரியாது, நாளைக்கு இந்தத் திட்டம் தமிழ்நாடு முழுக்கப் போகும்போது என்ன செய்வது? அதோடு, இன்னொரு தடவை என்பது அடுத்த கட்டம், ஃபெயில் என்பதுதான் முதல் கட்டம், அதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது என்றேன். அவள் சரிங் சார் என்றாள். சரிங் சார் என்று சொல்லும்போது அவர்கள் சரி என்று சொல்கிறார்களா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. நான் கண்டுபிடிக்க முயலவும் இல்லை.

பேட்ஜ் நன்றாகப் போயிற்று. நீங்கள் நம்ப மாட்டீர்கள். பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள் அதற்கு. ஒருவன் வேண்டுமென்றே பாலத்தை உடைத்துவிட்டு, 'சார், நானும் ஃபெயில்' என்று வந்து நின்றான். அது செல்லாது என்று கோகிலவாணி சொல்லிவிட்டாள். உடைத்தது வேறு, உடைந்தது வேறு என்றாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஏழாம் வகுப்பில் கனிஷ்கா என்று ஒரு பெண். ஒல்லியாக, ஓயாமல் தண்ணீர் குடிப்பாள். சிரிஞ்சு கிரேன் அவள் எடுத்துக்கொண்டது. அது தூக்கவே இல்லை. ஒவ்வொரு வாரமும் எங்கேயாவது ஒழுகும். டியூப் நழுவும், கிரேனின் கை வளையும், அச்சு உடையும். அவள் அழவும் மாட்டாள், விடவும் மாட்டாள். நவம்பர் கடைசியில் பள்ளிக்கூடத்திலேயே ஒரு கண்காட்சி வைத்தோம். அந்த வாரம் முழுக்கக் கோகிலவாணிதான் அங்கே கிடந்தாள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பசை போடுவது, மேசை துடைப்பது எல்லாம் அவள்தான். அவளுக்குப் பரீட்சை அதே வாரம்தான் இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கண்காட்சியில் கனிஷ்காவுக்குத்தான் பெரிய பேட்ஜ். தங்க ஓரம் வைத்தது, உள்ளங்கை அகலம். எல்லாரையும் விட அதிகம் ஃபெயில் ஆனவள் என்று மைக்கில் அறிவித்து, நானே அவள் சட்டையில் குத்திவிட்டேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். போட்டோ இருக்கிறது, அப்புறம் காட்டுகிறேன்.

அதற்கு அடுத்த செவ்வாய் அவள் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. காய்ச்சல் என்று நினைத்தேன். பிறகு நினைக்கவும் இல்லை. அரையாண்டு லீவு வந்தது, பொங்கல் வந்தது. பொங்கல் முடிந்த பிறகுதான் கோகிலவாணி சொன்னாள், பள்ளிக்கூடத்துக்கே வருவதில்லையாம், அப்பா நிறுத்திவிட்டாராம். கோகிலவாணி ஏற்கனவே தனியாக ஒரு தடவை அவர்களிடம் போய் வந்திருக்கிறாள். 'சார், நீங்க ஒருக்கா வந்து பேசுனா நல்லாருக்குங் சார்' என்றாள். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் அவள் போனது சரியில்லைதான். ஆனாலும் போனேன்.

தறிக் கொட்டகைக்குள் பேச முடியாது. சத்தத்தில் வாய் அசைவதுதான் தெரியும். கனிஷ்காவின் அப்பா பெயர் செங்கோடன். என் வயது இருக்கும், அல்லது குறைவாகவும் இருக்கலாம், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்ததால் நரை எது என்று தெரியவில்லை. தன் தறிகளைப் பக்கத்து ஆளிடம் கையால் காட்டிவிட்டு வெளியே வந்தார். வாசலுக்கு உள்ளே அந்தப் பெண் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊடுநூலைச் சின்னக் குச்சியில் சுற்றுவது, தெரியும் இல்லையா? எல்லாத் தாரும் ஒரே பருமனாக இருந்தது. நல்ல கை. என்னைப் பார்த்துவிட்டு எழுந்தாள், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

செங்கோடன் சத்தம் போடவில்லை. நான் எதிர்பார்த்துத்தான் போனேன், அவர் போடவில்லை.

"உக்காருங்க சார்" என்றார். உட்கார ஒன்றும் இல்லை. "எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போட மாட்டாங்கன்னு சொன்னாங்க. அத நம்பித்தானுங்க அனுப்புனேன். அத்தன புள்ளைகளும் பாஸாகுற எடத்துல எம்பட புள்ள ஒருத்திய மட்டும் ஃபெயிலுன்னு நெஞ்சுலயே குத்தி அனுப்பியிருக்கறீங்க."

அவள் அந்த பேட்ஜோடு தெருவெல்லாம் சுற்றியிருக்கிறாள். மளிகைக் கடை, மாவு மில், கோயில் குழாய், எங்கே போனாலும் 'நாந்தான் எல்லாரையும் விட அதிகம் ஃபெயில்' என்று சொல்லியிருக்கிறாள். கொட்டகையில் ஒருவர், 'செங்கோடா, உம்பட மவ உன்னைய முந்திட்டாளாமா' என்று கேட்டாராம். ஏனென்றால் செங்கோடனும் பத்தாவது ஃபெயில். "எனக்காவது யாரும் பேட்ஜு குத்துலீங்க" என்றார். அதைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நான் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். முதலில் வடிவம், பிறகு மாதிரி, பிறகு சோதனை, அதில் ஃபெயில், அதிலிருந்து திருத்தம். இது ஒரு வட்டம். என் மகள் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிக்கூடச் சொன்னேன். தரையில் குச்சியால் படம் போட்டுக் காட்டினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"அந்த ஊர்ல ஃபெயிலானவங்கள நல்லாப் பார்த்துக்குவாங்க போலிருக்குதுங்க" என்றார்.

ஆமாம் என்றேன்.

"இங்கெல்லாம் அப்படி இல்லீங்க."

அவ்வளவுதான். உள்ளே போகத் திரும்பிவிட்டார். அப்போதுதான் கோகிலவாணி பேசினாள். அதுவரை என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, நானும் ஃபெயிலுதானுங்கண்ணா. போன வாரந்தான் ரிசல்ட்டு வந்துச்சு. தெர்மல் பேப்பரு."

அவர் நின்றார். "ஃபெயிலாகியும் காலேஜுக்குப் போறயா அம்மணி?"

"போறேனுங்கண்ணா. ஏப்ரல்ல இன்னொருக்கா எழுதுவேன்."

"எழுத உடுவாங்களா?"

"பாஸாகுற வரைக்கும் எழுதலாங்கண்ணா. எங்க கிளாஸ்ல பாதிப் பேரு அப்படித்தான்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலுக்குள் பார்த்தார். அந்தப் பெண் தார் சுற்றுவதை நிறுத்தியிருந்தாள்.

"அப்ப அந்தத் தகரத்துல அதையல்லோங்க சார் போட்டிருக்கோணும்" என்றார் என்னைப் பார்த்து.

எதை என்று நான் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் அந்தச் சமயத்தில் எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. தெர்மல் என்ற ஒரு வார்த்தைதான் விழுந்தது. ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் அவள் என் அறைக்கு வந்திருக்கிறாள், செலவுக் கணக்குக் கொடுத்திருக்கிறாள், டியூப் வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். இதை மட்டும் சொல்லவில்லை. ஒரு தறிக்காரரிடம் தெருவில் நின்று சொல்கிறாள். எனக்குக் கோபம் இல்லை. கோபம் என்று ஒன்று வந்து ரொம்ப நாளாகிறது. ஏதோ குளிர்ந்த தண்ணீரில் கை விட்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

செங்கோடன் ஒரு நிபந்தனை போட்டார். பகலில் பள்ளிக்கூடம், செவ்வாய் வெள்ளி உங்கள் வகுப்பு, எல்லாவற்றுக்கும் அனுப்புகிறேன். ஆனால் வகுப்பு முடிந்ததும், கோகிலவாணியைக் காட்டி, இந்தப் புள்ளதான் கையோடு கூட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட வேண்டும்.

"இந்தப் புள்ள வர்ற வரைக்கும் எம்பட புள்ளயும் வருமுங்க. இது நின்னுச்சுன்னா அதுவும் நின்னுக்கும். வேற யாரு வந்து சொன்னாலும் கேக்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க."

கோவித்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றேன்.

கனிஷ்கா வந்தாள். வந்த இரண்டாவது வாரமே கிரேன் தூக்கிவிட்டது. ஒரு செங்கல்லை. முழுச் செங்கல். சிரிஞ்சை அழுத்த அழுத்த அது ஆடிக்கொண்டே மேலே போயிற்று. பிள்ளைகள் எல்லாரும் மூச்சுவிடாமல் நின்றார்கள். நான் போட்டோ எடுத்தேன். இதோ, இதுதான். நாளைக்குச் சென்னையில் ஒரு கருத்தரங்கு, அங்கே பெரிய திரையில் இதைத்தான் முதலில் காட்டப் போகிறேன். உற்றுப் பார்த்தால் அவள் பேட்ஜில் பிசின் அடையாளம் தெரியும். 'ஃபெயில்' என்ற வார்த்தையின் மேல் ஒரு வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி அதில் பேனாவால் இன்னொருக்கா என்று எழுதியிருந்தாள். 'நான் இன்னொருக்கா.' வாக்கியமாகவே வரவில்லை பாருங்கள். எல்லா பேட்ஜும் ஒரே மாதிரி இருந்தால்தான் படத்துக்கு நன்றாக இருக்கும், அதை எடுத்துவிடு என்றேன். எடுத்துவிட்டாள். கசக்கிக் கோகிலவாணி கையில் கொடுத்தாள். அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள், எதற்கு என்று தெரியவில்லை.

கோகிலவாணியை நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் பார்த்தேன், தானாக வந்து சொல்கிறாளா என்று. சொல்லவில்லை. கடைசியில் நானே கூப்பிட்டுக் கேட்டேன். அவளுக்கு ஆச்சரியம்.

"சார், அன்னைக்கு உங்க முன்னாடிதானுங்களே சார் சொன்னேன்?"

என்னிடம் சொல்லவில்லையே என்றேன். என் முன்னால் சொல்வது வேறு, என்னிடம் சொல்வது வேறு. இது புரிய வேண்டாமா மூன்றாம் வருடம் படிக்கிற பெண்ணுக்கு? அரியர் விதி தெரியுமா தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றாள். சொன்னால் நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்துதான் சொல்லவில்லை என்றாள். அது நியாயமான பதில்தான். ஆனால் நியாயமான பதில் இருக்கிற எல்லாவற்றையும் விட்டுவிட முடியுமா? நாளைக்கு அந்தப் பிள்ளைகளே கேட்கும்: எங்கள் அக்கா ஃபெயிலாமே என்று.

"ஏப்ரல்ல எழுதிருவேன் சார். அதுவரைக்கும் உள்ள விட வேண்டாம் சார், வெளியவே நிக்கறேன். கனிஷ்காவக் கூட்டிட்டுப் போறதுக்கு மட்டும் உடுங்க சார்."

யோசிக்கிறேன் என்றேன். யோசித்தேன்தான். வேறொரு மாணவனைப் போட்டுக் கூட்டிப் போகச் சொல்லலாம் என்று பார்த்தேன், அந்த மனிதர் கேட்க மாட்டேன் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார். விதியைக் கொஞ்சம் தளர்த்தலாம் என்று பார்த்தேன். எழுதிவைத்த விதி இல்லை, போட்டதும் நான்தான், வேறு யாருக்கும் தெரியவும் தெரியாது. அதனாலேயே தளர்த்தக் கூடாது என்று தோன்றியது. அன்றைக்கு முழுக்கப் பெரியப்பா சொன்னது ஞாபகம் வருகிற மாதிரி இருந்தது. நாக்கு நுனி வரை வந்தது. வரவில்லை.

என்ன, அரக்கோணம் தாண்டிவிட்டோமா? பேசிக்கொண்டே வந்ததில் தெரியவில்லை. நீங்கள் கேட்டது ஒரு சின்ன கேள்வி, நான் பெரிதாக்கிவிட்டேன். இந்த பேட்ஜ் உங்களுக்கு வேண்டுமா? என்னிடம் நிறைய இருக்கிறது. ஓ, வேண்டாமா? சரி. பரவாயில்லை.

இன்று காலை ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன்பு கல்லூரிக்குப் போய், கோகிலவாணியைத் திட்டத்திலிருந்து நீக்கினேன்.